குயில்ட்டின் பார்டரை வீட்டு மிஷினில் தைப்பது: அலையடிக்காமல், மூலை பிசகாமல்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளை வெட்டி, ஒட்டு வைத்து, 48-க்கு 60 இஞ்ச் அளவில் ஒரு குயில்ட்டின் (நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையின்) நடுப்பகுதியைச் சேர்த்திருக்கிறார். அதைச் சுற்றி 6 இஞ்ச் அகலத்தில் பார்டர். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் ஊக்கு குத்தி அடுக்கி, நடுப்பகுதி முழுக்க வளைந்து வளைந்து ஓடும் நெருக்கமான கோடுகளால் தைத்து முடித்தாகிவிட்டது. "பார்டரில் பெரிதாக ஒரு இறகுக் கொடி மட்டும் ஓடவிட்டு மற்ற இடத்தைச் சும்மா விடலாமா அக்கா? ஓரம் இப்போதே கொஞ்சம் அலையடிக்கிறது, தைத்தால் சரியாகிவிடுமா? மூலையில் டிசைனை எப்படித் திருப்புவது?" என்று கேட்கிறார். இருப்பது சாதாரண வீட்டு மிஷின், கூடவே மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்து நகர்த்தும் ஒரு வாக்கிங் ஃபூட்டும், துணியைக் கையால் இஷ்டப்படி நகர்த்தித் தைக்க உதவும் எம்பிராய்டரி ஃபூட்டும்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். சும்மா விடாதீர்கள், தங்கச்சி. நடுப்பகுதியில் எவ்வளவு நெருக்கமாகத் தைத்தீர்களோ, ஏறக்குறைய அதே நெருக்கம் பார்டரிலும் இருக்க வேண்டும். கொடியா, இறகா, கோடா, கட்டமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பார்டர் தைப்பதில் வருகிற தொந்தரவுகளில் பெரும்பாலானவை இந்த நெருக்கம் மாறுவதால் வருகிறவை.

ஏன் என்று சொல்கிறேன். பஞ்சு வைத்த துணியில் ஒரு கோடு தைத்தால், அந்தக் கோடு விழுந்த இடம் பள்ளமாகிறது, இரண்டு பக்கமும் மேடாகிறது. மேடு ஏறி இறங்க துணி கொஞ்சம் செலவாகும். அந்த அளவுக்குக் குயில்ட் சுருங்கும். நெருக்கமாகத் தைத்த இடம் நிறையச் சுருங்கும், அகலமாக விட்ட இடம் குறைவாகச் சுருங்கும். இப்போது உங்கள் குயில்ட்டில் நடுப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டது. பார்டர் இன்னும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. அந்த உபரி நீளம் போக இடமில்லாமல்தான் ஓரம் அலையாக எழும்புகிறது. நெய்த சேலையில் இந்தப் பிரச்சினை வராது, ஏனென்றால் கரையும் உடலும் ஒரே பாவின் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழையின்) நீளத்தில் தறியிலேயே சேர்ந்து வருகின்றன. நாம் பார்டரைத் தனியாக வெட்டி, தனியாக ஒட்டி, தனியாகத் தைக்கிறோம். அதனால் நீளம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

நம் பக்கத்துப் பழக்கம் ஒன்றையும் இதில் சேர்த்து யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் குயில்ட் கட்டிலில் அலங்காரமாகக் கிடப்பதில்லை. பாய்மேல் விரிக்கிறோம், ஓரத்தைப் பிடித்துத் தூக்கி உதறுகிறோம், துவைகல்லில் கும்மித் துவைக்கிறோம், கொடியில் ஈரப் பாரத்தோடு தொங்கவிடுகிறோம். அடியும் இழுப்பும் முதலில் படுவது ஓரத்தில்தான். அகலமாக விட்ட இடத்தில் உள்ளே இருக்கும் பஞ்சு நகர்ந்து உருண்டுவிடும். பழைய சேலைத் துணி வேறு, இழை இளைத்துப்போயிருக்கும். நெருக்கமான தையல்தான் அதற்குத் தாங்கல். உங்கள் நடுக்கோடுகளுக்கு இடையே அரை இஞ்ச் இருந்தால் பார்டரில் எந்த வெற்றிடமும் ஒரு இஞ்ச்சைத் தாண்ட வேண்டாம் என்பது என் கணக்கு.

இனி அலை. தைக்க ஆரம்பிக்கும் முன் டேப்பை எடுங்கள். குயில்ட்டைத் தரையில் நன்றாக விரித்து, நடுப்பகுதியின் குறுக்கே மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்: மேல்பக்கம், நட்டநடு, கீழ்ப்பக்கம். நீளவாக்கிலும் அதே மாதிரி மூன்று. அப்புறம் பார்டரின் வெளி ஓரத்தை நாலு பக்கமும் அளங்கள். நடுப்பகுதியின் சராசரி அகலத்தோடு இரண்டு பார்டர் அகலமும் சேர்ந்தால் எவ்வளவோ, வெளி ஓரம் அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் வரை கூடுதலாக இருந்தால் பயமில்லை, தையலே அதை விழுங்கிவிடும். ஒன்றரை, இரண்டு இஞ்ச் என்று கூடுதல் இருந்தால் தைத்துச் சரிசெய்ய முடியாது. மடிப்பு விழுந்துதான் தீரும். அந்தப் பக்கத்து ஊக்குகளைக் கழற்றி, பார்டரை இணைத்த தையலைப் பிரித்து, சரியான நீளத்துக்கு வெட்டி மறுபடி இணைப்பதே வழி. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் அரை நாள் வேலை.

மறுபடி இணைக்கும்போது பார்டரை ஒரு முனையில் வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டிவிடுகிற பழக்கம் வேண்டாம். ரவிக்கைக்குப் பட்டி வைப்பதற்கு அது சரியாக வரலாம். இங்கே ஊசிக்கு அடியில் துணியை நகர்த்துகிற மிஷினின் பல் கீழ்த்துணியை இழுக்க, மேலிருக்கும் துணி நீண்டுகொண்டே போகும். முதலில் நீளத்தை அளந்து வெட்டி, பார்டரையும் நடுப்பகுதியையும் பாதியாக, காலாக மடித்துக் குறி வைத்து, குறிக்குக் குறி குண்டூசி குத்தி, அதன் பிறகு தையுங்கள்.

பார்டருக்குத் துணி வெட்டுகிற திசையும் முக்கியம். பாவு ஓடுகிற திசையில் வெட்டிய பட்டை அதிகம் நீளாது; ஊடை, அதாவது குறுக்கிழை, ஓடுகிற திசையில் வெட்டியது நீளும். கடையில் மீட்டர் கணக்கில் வாங்குகிற துணியில் 72 இஞ்ச் பாவுத் திசையில் வேண்டும் என்றால் இரண்டு மீட்டர் வாங்க வேண்டியிருக்கும், அதனாலேயே பலர் குறுக்கே வெட்டி ஒட்டுப்போடுகிறார்கள். சேலையில் வெட்டுகிற உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. சேலையின் நீளமே பாவுத் திசை. ஐந்தரை மீட்டரில் நாலு பக்கத்துக்கும் ஒட்டில்லாத பட்டை தாராளமாகக் கிடைக்கும். சேலையின் கரையையே பார்டராக வைக்கிறவர்கள் வெளிவிளிம்பில் இருக்கும் கெட்டியான கால் இஞ்ச்சை வெட்டி எடுத்துவிட வேண்டும். அது மற்ற துணியோடு சேர்ந்து சுருங்காது, ஓரத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி இழுக்கும். கரையில் ஜரிகை இருந்தால் ஜரிகைமேல் தைக்க வேண்டாம். ஊசி மழுங்கும், ஜரிகை இழை அறுந்து பிசிர் பிசிராக நிற்கும். ஜரிகைக் கோட்டின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல நேர்கோடு ஓட்டினால் போதும், பார்க்கவும் அழகு.

நீளம் சரியானதும் டிசைனுக்குப் போவதற்கு முன் இரண்டு தையல் போட்டாக வேண்டும். ஒன்று, நடுப்பகுதியும் பார்டரும் சேருகிற இணைப்பின் பள்ளத்திலேயே, வாக்கிங் ஃபூட் போட்டுச் சுற்றிலும் ஒரு நேர்த்தையல். உள்தையலை, அதாவது இணைப்புக்கு அடியில் மிஞ்சும் துணியை, எந்தப் பக்கம் மடித்து இஸ்திரி போட்டீர்களோ அந்தப் பக்கம் உயரமாக இருக்கும். ஊசி தாழ்ந்த பக்கத்தில் இறங்கட்டும், தையல் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, வெளி ஓரத்திலிருந்து அரைக்கால் (1/8) இஞ்ச் உள்ளே தள்ளி மூன்று அடுக்கையும் சேர்த்துப் பெரிய தையலாக ஓட்டுவது. இந்த இரண்டாவதை நிறையப் பேர் தவிர்த்துவிடுகிறார்கள், நான் தவிர்க்கவே மாட்டேன். நீங்கள் கணக்குப்போட்ட நீளத்துக்கு ஓரத்தைக் குண்டூசியால் குத்தி, எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பார்த்து, அந்த அளவில் பூட்டிவிடுகிற தையல் இது. உபரி இருந்தால் அது பட்டை முழுக்கச் சமமாகப் பரவிவிடும், ஒரே இடத்தில் வந்து குவியாது. கடைசியில் ஓரத்தை மூடி மடித்துத் தைக்கும் ஓரப்பட்டிக்குள் மறைந்தும் போகும்.

சரி, என்ன தைக்கலாம்? வழிகள் பல, எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுக்கப் போவதில்லை.

பார்டர் என்று ஒன்று தனியாக இருப்பதையே மறந்துவிட்டு, நடுவில் ஓடிய வளைவுக் கோட்டை அப்படியே ஓரம் வரை ஓடவிடலாம். நெருக்கம் தானாகவே ஒன்றாகிவிடும், மூலைக் கணக்கும் கிடையாது. பார்டர் துணி பூப்போட்டதாகவோ நிறையக் கோலம் உள்ளதாகவோ இருந்தால் இதுவே நல்லது, ஏனென்றால் அதன்மேல் நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகத் தைத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒற்றை நிறத் துணி என்றால் அந்த இடத்தை இப்படிச் செலவழிக்க எனக்கு மனம் வராது.

நேர்கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அலையடிக்கிற பார்டருக்கு இதில்தான் மருந்து இருக்கிறது. நேர்கோடுகளை இரண்டு விதமாகப் போடலாம். பார்டரின் நீளவாக்கில், குயில்ட்டைச் சுற்றிச் சுற்றி. அல்லது பார்டருக்குக் குறுக்காக, ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னதாக. பார்க்க இரண்டும் எளிமைதான், துணிக்கு இரண்டும் ஒன்றல்ல. கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்குக் குறுக்கான திசையில்தான் துணி அதிகம் சுருங்கும். நீளவாக்கில் ஓட்டினால் பார்டரின் அகலம் சுருங்கும், நீளம் அவ்வளவாகக் குறையாது. போதாக்குறைக்கு ஃபூட் மேல்துணியை முன்னே தள்ளிக்கொண்டே போவதால் நீளம் இன்னும் கூடியும் போகலாம். குறுக்காகப் போட்டாலோ ஒவ்வொரு கோடும் பார்டரின் நீளத்தில் கொஞ்சம் விழுங்கும். ஆகவே உங்களுடையது போல லேசாக அலையடிக்கிற பார்டருக்குக் குறுக்குக் கோடுகள்தான். முக்கால் இஞ்ச்சுக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டு போங்கள், பாதிப் பக்கம் முடிவதற்குள் ஓரம் படிந்து உட்காருவது தெரியும்.

"ஒவ்வொரு கோட்டுக்கும் நூல் வெட்டி முடிச்சுப்போட வேண்டுமே?" என்று தோன்றும். வேண்டாம். இணைப்புப் பள்ளத்தில் தொடங்கி வெளி ஓரம் வரை வாருங்கள். ஓரத்திலிருந்து அரைக்கால் இஞ்ச் இருக்கும்போது ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, குயில்ட்டைத் திருப்பி, ஓரத்தோடு முக்கால் இஞ்ச் நகர்ந்து, மறுபடி திருப்பி உள்ளே போங்கள். பள்ளத்துக்கு வந்ததும் அதே பள்ளத்தில் முக்கால் இஞ்ச் நகர்ந்து அடுத்த கோடு. ஓரத்தில் நகர்ந்தது ஓரப்பட்டிக்குள் மறையும், உள்ளே நகர்ந்தது பள்ளத்தில் மறையும். ஒரு பாபின் தீரும்வரை நூலை வெட்டவே வேண்டாம். கோடுகளை ஒரே இடைவெளியில் போடாமல், மூன்று கோடு நெருக்கமாக, ஒரு இஞ்ச் இடைவெளி, மறுபடி மூன்று என்று போட்டால் பத்தமடைப் பாயில் வண்ணக் கோரைகள் பட்டை பட்டையாக வருவது போன்ற ஓர் அழகு வரும். நம் ஊர்க் குயில்ட்டுக்கு அது ரொம்பப் பொருத்தமாகவும் எனக்குப் படும்.

நேர்கோட்டிலேயே இன்னொன்று, சேலைக் கரையில் வரும் கோபுர டிசைன். 3 இஞ்ச் அடியுள்ள முக்கோணங்களை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அரை இஞ்ச் விட்டு விட்டுச் சின்ன முக்கோணங்கள். வாக்கிங் ஃபூட்டே போதும், கை பழகாதவர்களுக்கும் கூர்மையாக வரும். திருப்பும் இடத்தில் ஊசி துணிக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி நீங்கள் ஆசைப்படுகிற இறகுக் கொடி. தாராளமாகப் போடலாம், சுற்றியுள்ள இடத்தையும் நிரப்புவதாக இருந்தால். பார்டரின் நடுவே அலை அலையாகத் தண்டை முதலில் தையுங்கள். அப்புறம் ஒரு பக்கத்து இறகுகளை முழுக்கத் தைத்து, திரும்பி வந்து மறுபக்கம். இறகு ஒவ்வொன்றும் தண்டில் வழுக்கி இறங்குகிற மாதிரி சேர வேண்டும், குத்தினாற்போல நிற்கக் கூடாது. தண்டு வளைகிற இடத்தில் உள்வளைவில் இறகு சின்னதாகவும் வெளிவளைவில் பெரிதாகவும் வரும், அது இயல்புதான், எல்லாம் ஒரே அளவில் வர வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம். பிறகு இறகைச் சுற்றிக் கால் இஞ்ச் தள்ளி அதே உருவத்தை ஒட்டி ஒரு கோடு. அதற்கு வெளியே மிஞ்சும் இடத்தில் நடுவில் போட்ட அதே வளைவுக் கோடுகள். அப்போதுதான் இறகு மேடாக எழும்பித் தெரியும். சும்மா விட்ட துணியில் இறகு தைத்தால் இறகும் தெரியாது, சுற்றியுள்ள இடமும் பொதபொதவென்று நிற்கும். இறகுக்குப் பதில் மாங்காய் வடிவமும் நன்றாக வரும். ஆரி வொர்க் பழகிய கை என்றால் மாங்காய் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

மூலைக்கு வருவோம். எல்லோரும் பயப்படுவது இங்கேதான். ஒரு முனையில் தொடங்கி வரைந்துகொண்டே போனால் மூலைக்கு வரும்போது முக்கால் பூ மிஞ்சி நிற்கும். ஆகையால் மூலையை முதலில் வரையுங்கள், நாலு மூலையையும். அதன்பிறகு மூலைக்கு மூலை நடுவே இருக்கிற நீளத்தைப் பங்கு போடுங்கள். திசையன்விளைக்குப் பக்கத்தில் இடையன்குடியில் பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா தொடங்கி வைத்த லேஸ் வேலை தெரியும் அல்லவா? தலையணைமேல் ஊசி குத்திப் பின்னுகிற அந்த வகை லேஸில் கைக்குட்டைக்கு ஓரம் பின்னுவதானால் மூலைக்கென்றே படம் வரைந்துகொள்வார்கள். நேரான பகுதியின் படத்தை மடக்கி மூலையாக்க முடியாது என்பது ஓரவேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். மூலை ஒவ்வொன்றும் 6-க்கு 6 இஞ்ச் சதுரம். அவற்றுக்கு நடுவே குறுகிய பக்கம் 48, நீளப் பக்கம் 60. இரண்டையும் 6 வகுக்கும், ஆக 6 இஞ்ச் நீளமுள்ள ஓர் அலை என்றால் குறுகிய பக்கத்தில் 8, நீளப் பக்கத்தில் 10. ஆனால் நடுப்பகுதி தைத்த பிறகு 48 என்பது 48 ஆகவே இருக்காது. உதாரணமாக நாற்பத்தேழே கால், ஐம்பத்தொன்பதரை என்று சுருங்கியிருக்கட்டும். 8 பங்கு போட்டால் பங்குக்கு 5.9 இஞ்ச், 10 பங்கு போட்டால் 5.95. இந்த வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே அளப்பது எப்போதும் தைத்த பிறகு உள்ள நீளத்தை. வெட்டும்போது எழுதி வைத்ததை அல்ல. பக்கம் 53 இஞ்ச் என்று வம்பாக வந்தாலும் ஒன்பது பங்கு போட்டால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5.9 இஞ்ச்தான். எந்தப் பங்கும் ஒத்துவரவில்லை என்றால் ஒவ்வொரு பக்கத்தின் நட்டநடுவில் ஒரு தாமரையோ சக்கரமோ வைத்து, மிஞ்சுகிற நீளத்தை அதற்குக் கொடுத்துவிடுங்கள். மூலையிலிருந்து புறப்படுகிற கொடிகள் இரண்டும் எதிரெதிராக வந்து அதில் சேரும். சொல்லப்போனால் இறகுக்கு இதுவே அழகான வழி, நாலு மூலையிலும் இறகுகள் ஒரே பக்கம் பார்க்கும்.

அலைத் தண்டு போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தண்டு மூலைக்குள் நுழையும்போது உள்பக்கமாக ஒட்டி நுழைகிறதா, வெளிப்பக்கமாகவா? நாலு மூலையும் ஒரே மாதிரி அமைய வேண்டுமானால் ஒவ்வொரு பக்கத்திலும் முழு அலைகள் முழு எண்ணிக்கையில் இருக்க வேண்டும். எட்டரை அலை என்று விட்டால் ஒரு மூலை உள்ளே ஒட்டியும் அடுத்த மூலை வெளியே ஒட்டியும் வரும். அதுவே வேண்டும் என்று செய்தால் தவறில்லை, தற்செயலாக நடந்தால் தைத்து முடிக்கும்வரை தெரியவே தெரியாது.

இந்தக் கணக்கெல்லாம் தலைவலி என்றால் காகிதத்திலேயே செய்யலாம். தையல்காரர்கள் பேட்டர்ன் வெட்டும் காக்கிப் பேப்பரில் பக்கத்தின் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். எட்டுப் பங்கு வேண்டுமானால் மூன்று தடவை பாதி பாதியாக மடித்தால் முடிந்தது. பத்து வேண்டுமானால் பாதியாக மடித்து அதை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கில் டிசைனை வரைந்து மற்றவற்றுக்கு நகல் எடுங்கள். வரைகிற உயரத்திலும் ஒரு எச்சரிக்கை: ஆறு இஞ்ச் பார்டர் என்றாலும் ஓரப்பட்டி கால் இஞ்ச் தின்றுவிடும். மிச்சம் ஐந்தே முக்கால். அதில் மேலும் கீழும் அரை அரை இஞ்ச் மூச்சுவிட இடம் விட்டால் டிசைனுக்கு நாலே முக்கால்தான். இதை மறந்தால் இறகின் நுனிகள் ஓரப்பட்டிக்குள் வெட்டுப்பட்டுப் போகும்.

டிசைனைத் துணிக்கு மாற்ற, நூல் கோக்காத ஊசியால் அந்தக் காகிதத்தில் வரைந்த கோட்டின் மேலேயே மிஷினை ஓட்டித் துளை போடுங்கள். ஆரி வேலைக்கு டிரேஸ் எடுப்பது போலத்தான், ஆனால் மண்ணெண்ணெய் குழைத்துப் பூசுகிற வேலை இங்கே வேண்டாம். அது பஞ்சுக்குள் இறங்கி வாடை போகாது. தையல் சாக்பீஸை இடித்துத் துணியில் முடிந்து, துளைகள்மேல் ஒற்றி எடுத்தால் போதும். வெளிர் துணியில் நீலச் சாக்பீஸ், அடர் நிறத்தில் வெள்ளை. தண்ணீரில் அழியும் நீலப் பேனாவால் வரைகிறவர்கள், குளிர்ந்த தண்ணீரில் முழுக்க அழிக்கும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். சூடுபட்டால் அந்தக் கறை நிலைத்துவிடும்.

மிஷினைப் பற்றி. நேர்கோட்டுக்கு வாக்கிங் ஃபூட், தையல் நீளம் இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர். வாக்கிங் ஃபூட் இல்லாதவர்கள் மிஷினின் தலைப்பக்கம் இருக்கும் அழுத்தத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, நாலு இஞ்ச்சுக்கு ஒரு ஊக்கு என்று நெருக்கமாகக் குத்தி, மெதுவாக ஓட்டினால் சமாளிக்கலாம். இறகும் கொடியும் எம்பிராய்டரி ஃபூட்டில், பல்லை இறக்கிவிட்டு. கால் மிதி போட்ட பழைய கறுப்பு மிஷின்கள் சிலவற்றில் பல்லை இறக்க வசதி இருக்காது. தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து, ஊசிக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒரு வழவழப்பான அட்டையைப் பல்லின்மேல் ஒட்டிவிட்டால் அதுவே போதும். ஃபூட்டைத் தாங்கும் கம்பியைக் கீழே இறக்காமல் மட்டும் தைக்கக் கூடாது. இறக்கினால்தான் மேல்நூலுக்கு இறுக்கம் கிடைக்கும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் நூல் கூடு கட்டிவிடும்.

ஊசி 14-ஆம் நம்பர், புதியது. நூல் 40 அல்லது 50-ஆம் நம்பர். எண் கூடக் கூட நூல் மெலிது. பாபநாசம் நூல் மில்லில் ஆள் வேலை பார்த்த வீடு விக்கிரமசிங்கபுரம் பக்கம் நிறைய உண்டு, அங்கே இதைக் குழந்தைகள்கூடச் சொல்லும். பருத்தி நூல் எனக்குப் பிடித்தது, நல்ல பாலியஸ்டர் நூலானாலும் குறையில்லை. ஆரிக்கு வாங்கிய பட்டு நூல் மிச்சம் இருக்கிறது என்று அதை எடுக்காதீர்கள், மிஷின் வேகத்துக்கும் துவைகல்லுக்கும் அது தாங்காது. பாபினிலும் மேலேயும் ஒரே நிறம். அதே துணி, அதே பஞ்சு வைத்து ஒரு சாண் துண்டில் இறுக்கம் பார்த்துவிட்டுத்தான் குயில்ட்டுக்கு வர வேண்டும்.

வீட்டு மிஷினில் பார்டருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நடுப்பகுதி தைத்தபோது மூட்டையாகச் சுருட்டி மிஷினின் கழுத்துக்குள் திணித்தீர்கள். பார்டரில் பாரம் முழுக்க இடது பக்கம் வெளியே கிடக்கும், உள்ளே இருப்பது ஆறு இஞ்ச் பட்டைதான். ஆகவே பெரிய டிசைன் போட ஆசை இருந்தால் சின்ன மிஷினில் அதற்கு ஏற்ற இடமே இதுதான். ஆனால் அந்தப் பாரம் மேசையிலிருந்து கீழே தொங்கினால் பார்டரை இழுத்து நீட்டிவிடும். நாம் அளந்து பூட்டியதெல்லாம் வீண். இடது பக்கமும் பின்னாலும் ஸ்டூலோ நாற்காலியோ போட்டு, குயில்ட் முழுக்க மிஷின் மட்டத்திலேயே கிடக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்தாறு தையலை மிகச் சின்னதாகப் போட்டு, வால்நூலைக் கையூசியில் கோத்துப் பஞ்சுக்குள் இழுத்துவிடுங்கள். வெறுமனே வெட்டிவிட்டால் இரண்டாவது துவைப்பிலேயே பிரியத் தொடங்கும்.

உங்கள் குயில்ட்டுக்கு நான் என்ன செய்வேன் என்றால்: அளந்து, பள்ளத்தில் தைத்து, ஓரத்தைப் பூட்டி, நாலு மூலைச் சதுரத்திலும் ஆளுக்கொரு இறகுச் சக்கரம் (வட்டத் தண்டில் தைத்த இறகுகள்) வைப்பேன், சுற்றிலும் வளைவுக் கோடு நிரப்பி. பக்கங்கள் நாலிலும் முக்கால் இஞ்ச் குறுக்குக் கோடுகள். இறகு ஆசையும் தீரும், அலையும் அடங்கும், நீளத்தைப் பங்கு போடுகிற வேலையும் பாதியாகக் குறையும். பக்கம் முழுக்க இறகுதான் வேண்டும் என்று மனசு சொன்னால் அதுவும் வரும். மேல்துணியில் உபரி அரை இஞ்ச்சுக்குக் கீழே இருந்தால் மட்டும்.

தைத்து முடித்ததும் உடனே ஓரத்தை வெட்டி ஓரப்பட்டி வைக்காமல், குயில்ட்டை நனைத்து, முறுக்காமல் பிழிந்து, சுத்தமான தரையில் பழைய வேட்டிமேல் விரியுங்கள். நடுவிலிருந்து வெளியே கையால் நீவி, மூலைகளை மூலைமட்டம் வைத்துச் சதுரமாக்கி, நிழலில் அப்படியே காயவிடுங்கள். தென்காசிப் பக்கம் சாரல் காலம் என்றால் இரண்டு நாள்கூட ஆகும், ஃபேன் போட்டு விடுங்கள். காய்ந்த பிறகு நாலு பக்கமும் ஒருமுறை அளந்து, எதிர்ப்பக்கங்கள் சமமாக வந்த பின்பே கத்தரியை எடுங்கள்.